கேட்டுக்கு வெளியே நாற்பது மீட்டர்

சாத்தூருக்கு வெளியே இருக்கும் ஒரு பட்டாசு கம்பெனியின் கேட்டில் இருபத்தெட்டு வருடம் நின்றவர் ஞானதீபம். பதவியின் பெயர் போர்மேன். பெண்ணாக இருந்தாலும் பெயர் அதுதான். வேலைக்கு வருகிறவர்கள் ‘போர்மேன் அக்கா’ என்று கூப்பிட்டார்கள். காலை ஏழரைக்கு வேன் வந்து நின்றதும் ஒவ்வொருத்தியாக இறங்கி அவர் முன்னால் வர வேண்டும். சேலை நூலா நைலானா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பார். நைலான் என்றால் அன்றைக்கு வேலை கிடையாது, நேரே வீடுதான். நைலான் உரசினால் பொறி வரும், வெடிமருந்து அறைக்கு ஒரு பொறி போதும். செல்போனையும் கேட்டுக்கு முன்னாலேயே அணைத்துக் கொடுத்துவிட வேண்டும். முதலாளியின் மருமகன் ஒருமுறை பளபளவென்று ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, வந்த காரிலேயே திரும்பிப் போனார். போகும்போது அவர் பார்த்த பார்வையை ஞானதீபம் சட்டை செய்யவே இல்லை.

ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர் அறுபது வரை இழுத்தடித்தார். தனக்கு அடுத்து வருகிற முருகம்மாள்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. முருகம்மாள் போர்மேன் பரீட்சை எழுதிப் பாஸானவள், கெட்டிக்காரி, ஆனால் எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிற சுபாவம். யாராவது கண்ணைக் கசக்கினால் இளகிவிடுவாள். அவள் முகதாட்சண்யம் பார்த்து ஒரு நைலான் சேலையை உள்ளே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்தே ஞானதீபத்துக்கு இரண்டு வருடம் ஓடியது.

கடைசியில் அவரைக் கேட்டிலிருந்து நகர்த்தியது ஒரு படம். கம்பெனியின் பூச்சட்டிப் பெட்டியில் ஒட்டுகிற லேபிளில் நீல வானமும் உச்சியில் வெள்ளை பூசிய மலையும் இருக்கும். சிவகாசியிலிருந்து லேபிள் கொண்டுவந்த அச்சக்காரரிடம் ஒருநாள், “இந்த மலை நெசமாவே இருக்கா?” என்று கேட்டார். “யாருக்குத் தெரியும்மா, ஏதோ காலண்டர்ல பாத்து வரைஞ்சது” என்றார் அவர். ஆயுசுக்கும் கண்ணெதிரே லட்சக்கணக்கில் ஒட்டிப் போன மலை உண்டா இல்லையா என்றுகூடத் தெரியாமல் சாவதா என்று ஞானதீபத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த மாதமே ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தார்.

“கொடைக்கானல் போதாதா தீபம்?” என்றார் கணவர் இன்பராஜ். அவர் ஓய்வுபெற்ற வாத்தியார், மூட்டுவலிக்காரர், கிண்டல்காரர்.

“அங்க பனி கெடையாது.”

“ஐஸ்பெட்டியத் தொறந்தா வீட்லயே இருக்கே.”

ஞானதீபம் ஒரு மலைநடைக்குப் பணத்தைக் கட்டினார். உத்தரகண்டில் ஆறு நாள் நடை, பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு அடி உயரம், கூடவே வழிகாட்டி, மார்ச் மாதக் கடைசியில். கூட்டிப்போகிற நிறுவனத்தின் சென்னை ஆபீசில் பானுப்பிரியா என்ற பெண் பொறுப்பாக இருந்தாள். அறுபது வயது ஆனவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு என்று அவள் சொன்னாள். ஐந்து கிலோமீட்டரை ஐம்பது நிமிடத்துக்குள் நடந்து, அதைச் செல்போனில் பதிவுசெய்து, பிப்ரவரி பத்தாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அடுத்த நாள் உடைகளின் பட்டியல் வந்தது. அதைப் படித்ததும் ஞானதீபம் உடனே போனை எடுத்தார்.

“ஏம்மா, பட்டியல்ல தப்பா அடிச்சிருக்கீக. நூல் துணி கூடாது, நைலான் மாதிரிதான் போடணும்னு இருக்கு. மாத்திப் போட்டுட்டீக போல. மத்தவுகளுக்கு அனுப்புறதுக்குள்ள திருத்திருங்க.”

தப்பில்லை என்று பானுப்பிரியா பொறுமையாக விளக்கினாள். நூல் துணி வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும். அந்தக் குளிரில் ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், ஆளையே சாய்த்துவிடும். கேட்டில் ஞானதீபம் ஒருநாளும் காரணம் சொல்லாமல் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. காரணத்தோடு வந்த சட்டத்தை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. மதுரைக்குப் போய் இரண்டு ஜோடி வாங்கிவந்தார். வாங்கினாரே தவிர, தொடக் கூசி பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டார். பழைய நூல் சுடிதாரில்தான் பயிற்சி நடந்தது.

நடையும் லேசில் வசப்படவில்லை. கம்பெனிக்குள் யாரும் ஓடக்கூடாது, காலைத் தரையில் தேய்க்கக்கூடாது, அடி எடுத்து வைத்து நிதானமாகப் போக வேண்டும். அந்த நடைதான் அவருடைய நடை. முதல் நாள் ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமணி பத்து நிமிடம் ஆனது. பாதை அவருக்குப் பழகிய பாதை: வீட்டு வாசலில் தொடங்கி கம்பெனியில் முடியும், கணக்காக ஐந்து கிலோமீட்டர். இரண்டு மாதம் விடியற்காலையில் எழுந்து போன் இல்லாமல் நடந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் நிமிடமாகக் குறைத்தார். பிப்ரவரி ஆறாம் தேதி, இன்று முடித்துவிடலாம் என்று உடம்பே சொன்னது. முதல்முறையாகப் போனில் பதிவை ஓடவிட்டுக் கிளம்பினார். காற்று மாதிரி போனார். கம்பெனி போர்டு கண்ணில் பட்டதும் கை தானாகப் பைக்குள் போனது. போனை எடுத்து அணைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் என்ன செய்தோம் என்று உணர்ந்தார். பதிவு சுத்தமாகப் போய்விட்டது.

அன்றைக்கு அவர் அழுதார். அறுபது வயதில் ஒரு செல்போனுக்காக அழுகிறோமே என்ற வெட்கத்தில் இன்னும் கொஞ்சம் அழுதார். இன்பராஜ் அன்று கிண்டல் செய்யவில்லை. வெந்நீர் வைத்து, காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். கால் வீங்கியிருந்ததால் மூன்று நாள் நடக்க முடியவில்லை.

மிச்சம் இருந்தது பத்தாம் தேதி ஒன்றுதான். அன்று ஞானதீபம் பீரோவின் அடித்தட்டைத் திறந்து நைலான் உடையைப் போட்டுக்கொண்டார். இன்பராஜ் போனை இடுப்புப் பைக்குள் வைத்து, பையின் வாயை இரண்டு ஊக்குப் போட்டு மூடினார்.

“அஞ்சு கிலோமீட்டர் முடிஞ்சா அதுவே பேசும். அதுவரைக்கும் கைய வீசி மட்டும் நட.”

தை கடைசி வெள்ளி நெருங்கியதால் சாலையில் இருக்கன்குடி அம்மன் கோவிலுக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். மஞ்சள் சேலை கட்டிய ஓர் அம்மாள், தன்னைத் தாண்டிப் போனவரைப் பார்த்து, “இருக்கன்குடிக்கா தாயி? இம்புட்டு வேகமாப் போறீக?” என்று கேட்டார்.

“இல்லம்மா, இமயமலைக்கு” என்று சொல்லிவிட்டு ஞானதீபம் நிற்காமல் போனார். உடை உடம்போடு ஒட்டவே இல்லை, வியர்வை வந்த சுவடே தெரியவில்லை. பானுப்பிரியா சொன்னது சரிதான்.

கேட்டை எட்டியபோது கைக்கடிகாரத்தில் நாற்பத்தொன்பது நிமிடம். போன் பேசவில்லை. ஒரு நொடி குழம்பிய பிறகுதான் விஷயம் விளங்கியது. ஐந்து கிலோமீட்டர் என்று அவர் மனதில் இருந்தது கேட்டு வரைக்கும் உள்ள தூரம் இல்லை, உள்ளே கையெழுத்துப் போடுகிற ஆபீஸ் வரைக்கும் உள்ளது. இன்னும் நாற்பது மீட்டர் இருந்தது. முதல் வேனில் வந்த பெண்கள் கேட்டருகே கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞானதீபம் வழக்கம்போல உள்ளே காலை வைக்கப் போனார்.

முருகம்மாள் குறுக்கே வந்து கையை நீட்டினாள். இன்னொரு கையால் அவருடைய சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

“நைலானு. அங்கனயே நில்லுங்கக்கா.”

“ஏ முருகம்மா, நாப்பது மீட்டர்தான். போன்ல அஞ்சு கிலோமீட்டர் காட்டலைன்னா மலைக்குப் போற என் எடமே போயிரும்.”

“விட்டிருங்கக்கா, நம்ம அக்காதான” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

“யாரா இருந்தாலும் வெளியதான். போன் வேற ஓடிக்கிட்டு இருக்கு.” முருகம்மாள் நீட்டிய கையை இறக்கவில்லை.

ஞானதீபத்துக்குச் சுருக்கென்றது. முகம் சிவந்தது. ஆனால் நின்று சண்டை போட நேரமில்லை. சட்டென்று திரும்பி, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வெளியே நடந்தார், முள்ளும் பாட்டிலும் கிடந்த ஓரத்தில் அடியை எட்டிப் போட்டார். சுவர் முடிகிற மூலையில் இடுப்புப் பை பேசியது. ஊக்கைக் கழற்றிப் பார்த்தார். நாற்பத்தொன்பது நிமிடம், நாற்பத்தோரு நொடி. அங்கேயே நின்றபடி பானுப்பிரியாவுக்கு அனுப்பினார். இரண்டு நிமிடத்தில், இடம் உறுதி என்று பதில் வந்தது.

கேட்டைப் பூட்டிவிட்டு முருகம்மாள் ஓடிவந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது.

“கோவமாக்கா? எனக்கு வேற வழி தெரியலக்கா.”

ஞானதீபம் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். இருபத்தெட்டு வருடத்தில் இவ்வளவு நிம்மதியாக அந்த கேட்டைப் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை.

“நீ மட்டும் என்னை உள்ள விட்டிருந்தா நான் மலைக்குப் போயிருக்க மாட்டேன் முருகம்மா. நாளைக்குக் காலைல திரும்பவும் இங்கன வந்து நின்னுருப்பேன்.”

அதற்குள் இரண்டாவது வேன் வந்து நின்றது. முருகம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்குப் போய், முதலில் இறங்கியவளின் முந்தானையை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.