பின்பக்கத்தில் வெக்ஸ்போர்ட்

"ஜெசிந்தா மாமி மோசம் போயிட்டா" என்று அம்மா தொலைபேசியில் மரணச் செய்தி சொன்னபோது நான் பள்ளி நூலகத்தில் இருந்தேன். பழைய ரோம நாணயங்களைப் பற்றிய புத்தகம் ஒன்று மேசையில் திறந்திருந்தது. அன்று மாலை மருத்துவமனைக்கு அவருக்காகக் கொண்டுபோக எடுத்தது அது.

மாமி என் தாய்மாமனின் மனைவி. மன்னாரில் பிறந்து, கனடாவில் வெக்ஸ்போர்ட் என்ற நகர்ப்பகுதியில் வாழ்ந்தவர். ஏலத்துக்கு வரும் பழைய நாணயங்களைப் படமெடுத்து விவரம் எழுதுவது அவர் வேலை. ரோமப் பேரரசின் மாகாண நகரங்கள் தாமே அடித்துக்கொண்ட வெண்கலக் காசுகளில்தான் அவருக்குப் பிரியம். முன்பக்கத்தில் பேரரசரின் தலை. பின்பக்கத்தில் அந்தந்த ஊரின் தெய்வமோ, ஆறோ, கோயிலோ. சுற்றிவர அந்த ஊராரின் பெயர். மாமி பின்பக்கத்தையே முதலில் படமெடுப்பார். முதலாளி கோபித்தாராம்.

"அந்தப் பேரரசரின்ரை மூஞ்சை எல்லாக் காசிலையும் கிடக்கு. ஊரைக் காட்டினால்தானே ஆக்கள் பாப்பினம்?" என்று மாமி சிரித்தார்.

ஒருமுறை ஒரு காசில் 'எபேசியருடையது' என்று எழுதியிருப்பதைக் காட்டினார். "பூசையில பைபிளில வாசிக்கிற அதே எபேசியரோ?" என்று கேட்டேன்.

"ஓம், அவையேதான். ஆளுறது ரோமாபுரி, காசு தங்கடையாம். சரியான திமிர் என்ன!"

கடைசி மாதங்களில் புற்றுநோய் அவர் விரல்களின் பலத்தையும் தின்றது. தூக்கிய காசு நழுவி விழும். தன் மரண அறிவித்தலைப் பற்றி அவரே பேச்செடுத்தார்.

"மன்னாரைப் பிறப்பிடமாப் போடுங்கோ. வதிவிடம் கனடா எண்டு போடாதேங்கோ. வெக்ஸ்போர்ட். குளிரில விறைச்சது இஞ்சத்தை பஸ் ஸ்ரொப்பில. கனடா முழுக்க நிண்டே விறைச்சனான்?"

"உந்தக் கதையை விடும்" என்று மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அறிவித்தல் 'கனடா' என்றே வந்தது. நான் கேட்டபோது, "வெக்ஸ்போர்ட் எண்டால் ஆருக்குத் தெரியும், பிள்ளை?" என்றார் மாமா.

இறுதிச் சடங்கில் மாமியின் படம் அச்சிட்ட அட்டையை எல்லோருக்கும் தந்தார்கள். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரு செபம். அதன் கீழே அதே 'கனடா'. அதைப் பேனாவால் வெட்டி, 'வெக்ஸ்போர்ட்' என்று எழுதி, சவப்பெட்டிக்குள் அவருடைய கையின் கீழ் வைத்தேன். கை கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது.

மாமா பார்த்துக்கொண்டு நின்றார். நான் திட்டு வாங்கத் தயாரானேன். அவர் தன் சட்டைப்பையில் இருந்த அட்டையை எடுத்து நீட்டினார்.

"இதிலையும் எழுது."

நான் எழுதி முடிப்பதற்குள் பெட்டியை மூடிவிட்டார்கள்.

வெக்ஸ்போர்ட் ஜெசிந்தா மாமி, சென்று வாருங்கள்.