தட்டிச் சுவருக்கு அந்தப்பக்கம்

தங்கவயலில் எங்கள் லைன் வீடுகளுக்கு நடுவே மூங்கில் தட்டிதான் சுவர். அந்தப்பக்கம் ஒருவர் குடியிருந்தார். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜுக்கு மணி அடிப்பது அவர் வேலை. ஒல்லியான ஆள். ஒரு காதில் பீடி செருகியிருக்கும்; இன்னொரு காது எதையோ கேட்பதுபோல் எப்போதும் சற்றுச் சாய்ந்திருக்கும்.

இருவருக்கும் நைட் ஷிஃப்ட், பகலில்தான் தூக்கம். நான் கண்ணயர்ந்த கொஞ்ச நேரத்தில் தட்டியில் டொக் டொக்கென்று தட்டுவார். திடுக்கிட்டு விழிப்பேன். என் குறட்டை அந்த லைனுக்கே தெரிந்ததுதான். அதற்காகத் தினமும் தட்டி எழுப்பினால் யாருக்குத்தான் கோபம் வராது? ஒருநாள் குழாயடியில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"குறட்டை தொந்தரவா இருந்தா நேரா சொல்லுங்களேன். இன்னாத்துக்குத் தட்டுறீங்க?"

"ஐயோ அண்ணே, நீங்க குறட்டை வுட்டா எனக்கு நிம்மதி. அது திடீர்னு நின்னுபோவுது, மூச்சே காணோம். ஓடற கேஜ் நடுவுல நின்னா மாதிரி பக்குனு ஆயிடுது. அதான் தட்றேன். ஒருக்களிச்சிப் படுங்க."

அன்றிலிருந்து தட்டல் கேட்டால் சமர்த்தாகப் புரண்டு படுத்துக்கொள்வேன்.

வெகுகாலம் கழித்து பெங்களூரில் ஒரு டாக்டர், உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்துவிட்டு, தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்றார். மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு கருவியும் கொடுத்தார். இப்போது சுகமாகத் தூங்குகிறேன். அதை மாட்டும்போதெல்லாம் ஒன்றுதான் தோன்றும். பகலெல்லாம் என் மூச்சைக் கேட்டபடி கிடந்த அந்த மனுஷன் எப்போதுதான் தூங்கினார்?