வீட்டில் மட்டும் முட்டிய மூச்சு

என் அக்காவின் கணவர் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். அவர் அடித்த கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்பதால் ஒர்க்‌ஷாப்பில் அவருக்குப் பெயர் கண்ணாடி. மனிதர் ரொம்பப் பொறுமைசாலி என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். பக்கத்துப் போர்ஷனில் குடியிருக்கும் மச்சினி எனக்குத்தான் தெரியும், அந்தப் பொறுமையெல்லாம் பெயின்ட்டுக்கு மட்டும்தான்.

அவருக்கு இழுப்பு வந்தபோது முதலில் மாட்டியது என் பூனை. மாலையில் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தால் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பிக்கும். பூனை அந்த நாற்காலிக்கு அடியில்தான் படுத்திருக்கும். போதாதா?

"உன் செல்லத்த எங்கயாவது கொண்டுபோய் விடு. என் உயிர வாங்குது."

"அது உங்க மேல படுறதே இல்ல மாமா."

"அதோட முடி படுதே."

பூனை என் தோழி வீட்டுக்குப் போனது. இழுப்பு போகவில்லை. அடுத்து தலையணைகள் போயின. பிறகு ஜன்னல் திரை, தரை துடைக்கும் வாசனைத் தண்ணீர். கடைசியில் முகப் பவுடரைத் தூக்கி எறிந்தபோது அக்கா பொங்கிவிட்டாள்.

"இன்னும் மிச்சம் நான்தான். என்னையும் வெளிய தள்ளிட்டு நிம்மதியா மூச்சு விடுங்க."

மாமா அதையும் கொஞ்சம் யோசித்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

எங்களைக் குழப்பியது இதுதான்: ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு ஒன்றுமே இல்லை. வீட்டுச் சாவி வாங்கப் போன ஒரு நாள் நானே பார்த்தேன். முகமூடி மாட்டிக்கொண்டு, அறை முழுக்கப் பெயின்ட் புகையாய்ப் பறக்க, நிதானமாக அடித்தார். அடித்து முடித்து, புகை அடங்கியதும் முகமூடியைக் கழற்றிவிட்டு, கதவில் கன்னம் ஒட்டுமளவுக்குக் குனிந்து பளபளப்பைச் சோதித்தார். பெயின்டர்கள் அப்படித்தான் பார்ப்பார்களாம், முகமூடிக்குள்ளிருந்து பார்த்தால் தூசி தெரியாதாம்.

"இந்தக் காத்து ஒண்ணும் பண்ணாதா மாமா?"

"நெடி அடிக்குதா? இல்லதானே? அப்போ சுத்தமாயிடுச்சுன்னு அர்த்தம்."

ஒரு தும்மல்கூட இல்லை. நானும் நம்பினேன்.

அப்புறம் கூரை மாற்றுவதற்காக ஒர்க்‌ஷாப்பை மூடினார்கள். அந்த லீவு முழுக்க இழுப்பு எட்டிப் பார்க்கவில்லை. பவுடரை எறிந்ததுதான் காரணம் என்று மாமா மார்தட்டிக்கொண்டார். ஒர்க்‌ஷாப் திறந்த அன்றே, சாயங்காலம், வீட்டுப் படியேற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. பார்த்த எனக்கு உயிரே போய்விட்டது. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

மூச்சு சீரானதும் டாக்டரம்மா கேட்டார்.

"லீவுல எப்படி இருந்தீங்க?"

"நல்லா இருந்தேன்."

"அப்போ வீட்டுலதானே இருந்தீங்க?"

மாமா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

பெயின்ட் இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்டனர்தான் காரணம் என்றார் டாக்டரம்மா. மூக்குக்கே தெரியாத அளவு உள்ளே போனாலும் போதுமாம். சிலருக்கு உடனே ஒன்றும் செய்யாமல், பல மணி நேரம் கழித்து வேலையைக் காட்டுமாம். உடம்பு ஒரு தடவை அதோடு பகைத்துக்கொண்டால் பிறகு துளியைக்கூடத் தாங்காதாம்.

"இனிமே முகமூடி போட்டுக்கிட்டுக்கூட அந்த ரூம் பக்கம் போகாதீங்க."

"எனக்குப் புரியலம்மா. அங்க நான் நல்லாத்தான் இருக்கேன். மூச்சு முட்டுறது வீட்டுல. வீட்ட விடுன்னு சொன்னா ஒரு நியாயம் இருக்கு. வேலைய எதுக்கு விடணும்?"

டாக்டரம்மா மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். மாமா தலையாட்டினார். ஆனால் அவர் முகத்தில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. எனக்கே பாதிதான் புரிந்தது.

ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று, பெயின்ட்டுக்கு வரும் வண்டிகளைப் பார்த்து வாங்கி வைக்கும் வேலை தருகிறேன் என்றார் முதலாளி. இன்னொருத்தன் அடித்த கதவை நின்று பார்க்க என்னால் முடியாது என்று மாமா வீட்டோடு இருந்துவிட்டார்.

நேற்று மாலை டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். நெஞ்சில் விசில் இல்லை, இருமல் இல்லை. மடியில் கிடந்த தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ எப்படி இருக்கு மாமா?"

"மூச்சு நல்லா வருது," என்றார். "அத வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னுதான் தெரியல."