சம்பந்தியம்மாவுக்கு மோச்சி

எழுதத் தெரியாதவள் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. மளிகைச் சீட்டுக்கு மேல் நான் எதுவும் எழுதியதில்லை. நாலு பேர் முன்னால் பேசவும் வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஜப்பானில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் அந்த ஊர்ப் பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். எங்களுக்குச் சம்மதம். பையனின் அம்மாவுக்குத்தான் முழு மனசில்லை. நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். போன வருஷம் மகனைக் கூட்டிக்கொண்டு தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கே வந்தார்.

இப்படி வருகிறவர்களுக்குச் சொஜ்ஜியும் பஜ்ஜியும் கொடுப்பதுதான் வழக்கம். எனக்கென்னவோ அவர் ஊர்ப் பலகாரத்தையே செய்துவைக்கலாம் என்று தோன்றியது. மோச்சி என்று பேர். அரிசி மாவுக்குள் பயற்றுப் பூரணம். நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம்.

வீடியோ பார்த்து இடியாப்ப மாவில் செய்தேன். வெடித்துப்போனது. பத்து நாள் முன்னதாக வந்த மகள் அங்கிருந்து சரியான மாவு கொண்டுவந்தாள். அது முழங்கை வரைக்கும் ஒட்டிக்கொண்டது.

"இதைக் குடு, தெருவுல போஸ்டர் ஒட்டறவனுக்கு உதவும்" என்றார் என் வீட்டுக்காரர்.

கையில் சோள மாவு தடவிக்கொண்டு பிடிக்க வேண்டும் என்று பிறகுதான் பிடிபட்டது. பூரணத்துக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் சிவப்புக் காராமணி வாங்கினேன். மூன்றாம் தடவை மகளே இரண்டு தின்றாள்.

அவர்கள் வருகிற அன்று காலையில் குளித்துவிட்டு அடுப்படிக்குள் போனேன். கல்யாண காரியம். முதலில் சாமிக்கு வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு. அதனால் நானும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்க விடவும் இல்லை. காராமணியை அரைத்து வதக்கினேன். முன்பெல்லாம் இளகி வழிந்த பூரணம் அன்றைக்குக் கோலிக்குண்டு மாதிரி உருண்டது. கை பழகிவிட்டது என்று எனக்குள் ஒரு பெருமை.

வந்த அம்மா மெலிந்த உருவம். குனிந்து வணங்கினார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் குனிந்தேன். தட்டை நீட்டினேன். மோச்சியைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தார். நிதானமாக, வெகு நிதானமாக மென்று முழுதும் சாப்பிட்டார். பையன் பாதியோடு நிறுத்தித் தண்ணீர் குடித்தான்.

எனக்குச் சந்தேகம் வந்தது. உள்ளே போய் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டேன். துளி இனிப்பு இல்லை. அளந்துவைத்த சர்க்கரை, எறும்புக்குப் பயந்து மூடியபடியே, மேடையில் இருந்தது.

பின்னாலேயே வந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"சும்மா இரு. அவங்களே ஒண்ணும் சொல்லல. நீ ஏன் கிளப்புற?" என்று கிசுகிசுத்தார்.

அவர் சொன்னபடி இருந்திருக்கலாம். ஆனால் அந்த அம்மா மரியாதைக்காக மென்று முழுங்கியதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. சர்க்கரை டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

"சர்க்கரை போட மறந்துட்டேன்னு சொல்லுடி. சாமிக்கு வைக்கறதுன்னு ருசி பாக்கலைன்னு சொல்லு."

"அம்மா! நெஜமாவா?" என்றவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜப்பானிய மொழியில் சொன்னாள். அந்த அம்மா டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"உங்க ஊர்ல இப்படித்தான் பண்ணுவீங்கன்னு நெனைச்சாங்களாம். இன்னொண்ணு குடுத்திருந்தா அதையும் தின்னுட்டு, ஊருக்குப் போய் அழுதிருப்பாங்களாம்" என்றாள் மகள்.

அதற்குள் அவர் எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டு அடுப்படிக்கு வழி கேட்டார். மிச்சப் பூரணத்தில் சர்க்கரையைக் கொட்டி இருவரும் கிளறினோம். அவர் விரலால் தொட்டு முதலில் என் வாயில் வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. போகும்போது மகளிடம் ஏதோ சொன்னார்.

"கல்யாணத்துக்கு மோச்சி அவங்களே பண்றாங்களாம். நீ பக்கத்துல நின்னு ருசி மட்டும் பாத்தா போதுமாம்" என்றாள் மகள்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் மண்டபம் விசாரிக்கப் படப்பை வரைக்கும் போய்வந்தார். தை மாதத்தில் ஒரு நாள்கூடக் காலி இல்லை என்றார்களாம்.