கல்லிருக்கையில் வைத்த கம்பளிக் குருவிகள்

என் மனைவி இறப்பதற்கு முந்தைய பதினான்கு மாதங்கள் அவளிடம் நான் ஒரே பொய்யைத் தொடர்ந்து சொல்லிவந்தேன். அன்பினால் சொன்ன பொய் என்று அப்போது கருதினேன். இப்போது அவ்வாறு கருத இயலவில்லை.

அம்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் கிழமைக்கு இருமுறை அவளுக்குக் குருதித் தூய்மை செய்தார்கள். டயாலிசிஸ் என்று சொன்னால்தான் எவர்க்கும் விளங்கும். முறை வரும்வரை காத்திருக்கும் கூடத்தில், ஒருநாள் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் மஞ்சள் கம்பளி நூலால் பின்னிய சிறு பூ ஒன்று கிடந்தது. அதன் காம்பில் ஒரு தாள் துண்டு: ‘எடுத்துக்கோங்க, உங்களுக்குத்தான்.’ அவள் எடுக்கவில்லை. யாரோ மறந்து வைத்துவிட்டார்கள், தேடி வருவார்கள் என்றாள். அடுத்த முறை சென்றபோது பூவை யாரோ சன்னல் விளிம்பில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதற்கடுத்த முறையும் அது அங்கேயே இருந்தது. தாளை மீண்டும் படித்தாள், சுற்றுமுற்றும் பார்த்தாள், எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று நான்கு மணி நேரம் கையை அசைக்காமல் படுத்திருந்தும் அவள் முகத்தில் வழக்கமான சோர்வு இல்லை. மூன்று சக்கரத் தானியில் வீடு திரும்பும்போது சொன்னாள்: “யாருன்னே தெரியல. ஆனா எனக்குன்னு உக்காந்து பின்னியிருக்காங்க பாருங்க.”

முகம் தெரியாதவர்க்கு உழைப்பது அவளுக்குப் புதிதன்று. ஆவடியில் படைவீரர்க்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் பணி செய்தவள். கழுத்துப்பட்டை தைப்பது அவள் பிரிவின் வேலை. சட்டையின் மற்றப் பகுதிகள் அவள் கைக்கு வருவதில்லை. அதை எந்த மலையுச்சியில் எவன் அணிந்தான் என்பதும் தெரியாது. தைத்த கட்டோடு தன் எண்ணை எழுதி அனுப்ப வேண்டும். குறை இருந்தால் மட்டும் அந்த எண் திரும்பி வரும். “நல்லா இருந்தா ஒரு சேதியும் வராது” என்பாள். சேதி வராமையே பாராட்டு என்று வாழ்ந்தவள், நோயுற்ற பின்பு, ஒரே ஒரு முறையேனும் சேதி வரவேண்டும் என்று விரும்பினாள்.

பணியாளர் குடியிருப்பில் இருந்த காலத்தில் அண்டை வீட்டுப் பெண்களோடு சேர்ந்து குரோஷாப் பின்னல் பழகியிருந்தாள். தொலைக்காட்சிப் பெட்டிக்கு உறை, நாற்காலிக்கு முதுகு விரிப்பு என்று அக்காலத்தில் எல்லா வீடுகளிலும் இருந்தவைதாம். அந்த ஊசி தையற்பெட்டியின் அடியில் கிடந்தது. முகம் தெரியாத எவர்க்கேனும் வைத்துவிட்டு வர, அதை எடுத்து விரல் நீளத்தில் குருவி பின்னத் தொடங்கினாள். வயிற்றுக்குள் பழந்துணி நறுக்குகள், கண்ணுக்குக் கருமணி. நீரைக்கூட அளந்து குடிக்க வேண்டிய உடல்நிலை. ஒரு குருவிக்கு மூன்று நாள் ஆகும்.

தாளில் எழுதும் பொறுப்பு எனக்கு. கல்லூரியில் தமிழ் கற்பித்தவன் என்பதால் அவளே அதை எனக்கு ஒதுக்கினாள். ‘இஃது எவர்க்கும் உரியதன்று, காண்பவர் கொள்க’ என்று எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்தாள்.

“இது கல்வெட்டுங்க. இதப் படிச்சா எடுத்துக்க மாட்டாங்க. உங்க காலேஜ்லேருந்து ஆளக் கூட்டிக்கிட்டு வருவாங்க.”

அவள் சொன்னபடியே, மருத்துவமனையில் கண்ட சொற்களையே எழுதினேன்.

முதற்குருவி சிவப்பு. அயனம்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் மூன்று சாலைகள் கூடும் இடத்தில் ஒரு பேருந்து நிறுத்தம் உண்டு. அங்குள்ள இருக்கையில், தாளைச் சிவப்பு நூலால் குருவியின் கழுத்தில் கட்டி, மாலையில் வைத்துவிட்டு வந்தோம். மறுநாட் காலை போய்ப் பார்த்துவரும்படி என்னை அனுப்பினாள். குருவி இருந்தது. அதைச் சுற்றி இருக்கை முழுவதும் காலியாக இருந்தது. பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் யாவரும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். இளைஞன் ஒருவன் உட்காரப் போனான். அவன் தோழன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“மச்சான், அந்தாண்ட போவாத. எவனோ சுத்திப் போட்டுகீறான்.”

“பொம்மைடா அது.”

“கழுத்துல சீட்டு கட்டிகீறான் பாரு. பேரு எழுதிகீறான் மாமே. நீ உக்காந்தேன்னு வெய்யி, உன் பேரா மாறிடும்.”

இருவரும் சிரித்தார்கள். ஆனால் உட்காரவில்லை.

முந்தின நாள் அமாவாசை. கண்ணேறு கழித்த பூசணியும் எலுமிச்சையும் மிளகாயும் முச்சந்தியில் கிடப்பதும், அவற்றைத் தாண்டாமல் விலகி நடப்பதும் இங்கே எவர்க்கும் தெரிந்த வழக்கம். வகுப்பறையில் இத்தகைய வழக்கங்களை ஆண்டுதோறும் விரித்துரைத்தவன் நான். கழுத்தில் கயிறு கட்டிய சிவப்புக் குருவியை, அமாவாசைநாளில், முச்சந்தியில் கொண்டுவைத்தவனும் நானே. அவர்கள் பேருந்தேறிப் போகும்வரை காத்திருந்து, குருவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

அவள் வாயிற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவ்வளவு தொலைவு தனியே நடந்து வரக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் கேட்பதற்கு முன்பே, எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததை இங்கே விரித்தெழுத மாட்டேன். அதைப் பார்த்தபின் உண்மையைச் சொல்லும் ஆற்றல் எனக்கு இல்லாமற்போயிற்று என்பதோடு நிறுத்துகிறேன்.

இடத்தை மட்டும் மாற்றினேன். ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்கு வருவோர் மிகுதி, அங்கே வைக்கலாம் என்றேன். மாலை வெயில் தணிந்ததும் என் தோளைப் பற்றிக்கொண்டு மெல்ல நடந்து வருவாள். கரையில் மூன்றாவதாக உள்ள கல்லிருக்கையில் சற்று அமர்வாள். எழும்போது அவள் அமர்ந்த இடத்தில் குருவியோ மீனோ இருக்கும். திரும்பிப் பார்க்கமாட்டாள். பார்த்தால் எடுப்பவர்க்குக் கூச்சமாயிருக்கும் என்பாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் அங்கே இருப்பேன். முதல்நாள் அது அங்கேயே இருந்ததால் எடுத்துவந்தேன். பின்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செல்லவில்லை, எடுப்பதற்காகவே சென்றேன். பேருந்து நிறுத்தத்தில் கண்டதையே எல்லா மனிதர் மீதும் ஏற்றிவிட்டேன். யாரும் தொடமாட்டார்கள், மழையில் நனையும், நாய் கவ்விச் செல்லும், ஒரு மாலை அவளே அதைக் காண நேரும் என்ற அச்சம் எனக்கு. எடுத்தவற்றை என் நூலடுக்கில் அகரமுதலித் தொகுதிகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அவள் அந்தப் பக்கம் வருவதில்லை.

எடுத்தவர் யாராயிருக்கும் என்று கற்பனை செய்வது அவளுக்குப் பொழுதுபோக்காயிற்று. மஞ்சள் மீனைக் கல்லூரிப் பெண் எடுத்திருப்பாள். சாம்பற்குருவியை ஓய்வுபெற்ற எவரோ எடுத்துப்போய் மனைவியிடம் திட்டு வாங்கியிருப்பார். ஒருநாள், யார் பையிலாவது தொங்குகிறதா என்று பார்த்துச் சொல்லக்கூடாதா என்று கேட்டாள். நான் இன்னும் ஒருபடி கீழே இறங்கினேன். ஆவடி செல்லும் பேருந்தில் ஒரு பெண்ணின் தோள்பையில் பச்சை மீன் ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டேன் என்றேன். அவள் பின்னிக்கொண்டிருந்ததை மடியில் இறக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்:

“ஒரு வீட்ல இருந்தா போதும்னு நெனச்சேங்க. ஒரே ஒரு வீடு. அது நடந்துடுச்சு.”

அன்றிரவு இரண்டு இட்டிலி கூடுதலாக உண்டாள். பச்சை மீன் அப்போது அகரமுதலியின் மூன்றாம் தொகுதிக்குப் பின்னால் இருந்தது.

சென்ற கார்த்திகையில் நிலைமை முற்றியது. மருத்துவமனையில், பேச்சு குறைந்துவிட்ட நாளொன்றில், நாற்பது வீட்டுக்காவது போயிருக்கும் அல்லவா என்று கேட்டாள். அதற்கு மேலும் இருக்கும் என்றேன். அவளிடம் நான் சொன்ன கடைசிப் பொய் அது. நான்காம் நாள் அவள் இல்லை.

சடங்குகள் முடிந்து, உறவினர் அவரவர் ஊர்க்குத் திரும்பியபின், வீட்டில் இருக்கமாட்டாமல் ஏரிக்கரைக்குச் செல்லத் தொடங்கினேன். எழுவதற்கு ஒரு காரணமும் இல்லாமற்போனதால் ஏழு, ஏழரை ஆகிவிடும். அவ்வேளையில் அங்கே பெருக்கிக்கொண்டிருக்கும் தூய்மைப் பணியாளர் ஒருவர் உண்டு. நாற்பது வயதுப் பெண். முன்பு நான் அவரைப் பார்த்ததில்லை. அவர் வேலைக்கு வருமுன்பே நான் வீடு திரும்பியிருப்பேன். அவரோ எங்களை அறிந்திருந்தார்.

“இன்னா சார், அம்மா வர்றதே இல்ல? ஊருக்குப் போய்கீறாங்களா?”

சொன்னேன். துடைப்பத்தைக் கரைச்சுவரில் சாய்த்துவைத்தார். பிறகு அவராகவே பேசினார். மாலையில் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டு அந்த வழியேதான் அவர் வீடு திரும்புவாராம். அம்மா எதையோ வைத்துவிட்டு எழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறார். ஒருமுறை உடன்வந்த மகள், அருகே போய்த் தாளைப் படித்துச் சொல்லியிருக்கிறாள். அன்று இருந்தது நீலக்குருவி. பள்ளிப் பையில் தொங்கவிட வேண்டும் என்று அவள் கெஞ்சியும் இவர் தொடவிடவில்லை.

உங்களுக்குத்தான் என்று எழுதியிருந்ததே, ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

“சாய்ங்காலத்துல நாலு பேரு பாக்கசொல்ல நாங்க எடுத்தா, திருடுனதும்பாங்க சார். காலீல வேலைல இருக்கசொல்ல குப்பையோட குப்பையா எடுத்துகினா எவனும் கேக்கமாட்டான். அதான் விடியட்டும்னு உட்டுடுவேன். ஆறு மணிக்கு வந்து பாத்தா இருக்காது. எந்தப் புண்ணியவானோ எனக்கு முன்ன வந்து எடுத்துகினு பூடுவான்.” மூன்றாவது இருக்கையைக் காட்டிச் சொன்னார்: “ஒவ்வொரு தபாவும் வந்து பாப்பேன் சார்.”

ஒவ்வொரு முறையும்.

வீட்டுக்கு வந்து அகரமுதலித் தொகுதிகளைத் தரையில் இறக்கினேன். பின்னால் இருந்தவற்றைக் கட்டிலின் மேல் பரப்பினேன். நாற்பத்தாறு. சிலவற்றில் தூசி, தாள்களில் என் கையெழுத்து மங்காமல் இருந்தது. அவள் பின்னியபோது பார்த்த எனக்கு, அவற்றை ஒருசேரக் கண்டபோது, ஒவ்வொன்றுக்கும் அவள் செலவிட்ட மூன்று நாள் நினைவுக்கு வந்தது. அவள் கையிருப்பில் இருந்தவையோ எண்ணி எடுத்த நாள்களே.

மறுநாள் யாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துச் சென்றேன். அந்தப் புண்ணியவான் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். பேருந்து நிறுத்தத்தில் நடந்ததையும் வீட்டில் சொல்லிவந்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

“அம்மாக்கு இது தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“அப்போ சந்தோஷமாத்தான் போய்கீறாங்க.”

எனக்கு ஆறுதலாகவே அதைச் சொன்னார். பையைத் திறந்து நீட்டினேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் மகளுக்குக் கொடுங்கள் என்றேன். எட்டிப் பார்த்தார். நீலக்குருவி மேலாகவே இருந்தது. கையை நீட்டியவர், முந்தானையில் துடைத்துக்கொண்டு பின்னால் வைத்துக்கொண்டார்.

“கைல குடுக்காதீங்க சார். குடுத்தா கேட்டு வாங்குன மாரி ஆயிடும். அம்மா வெச்ச மாரியே வெச்சிட்டுப் போங்க.” துடைப்பத்தை எடுத்துக்கொண்டவர், சிரித்தாரா என்று சொல்லமுடியாத ஒரு முகத்தோடு திரும்பினார். “நீங்க மட்டும் காலீல வராம இருங்க.”

அன்று மாலை நீலக்குருவியோடு மூன்றாவது இருக்கையில் அமர்ந்தேன். பழைய தாளைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று எழுதியிருந்தேன், அதே சொற்கள்தாம். அவள் எளிதாகச் செய்ததை என்னால் செய்யமுடியவில்லை. மூன்றுமுறை எழுந்து மூன்றுமுறை அமர்ந்தேன். அருகில் நடந்து சென்ற ஒருவர், உடம்புக்கு ஏதேனுமா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அந்தப் பேச்சின் சாக்கிலேயே எழுந்து நடந்தேன். திரும்பிப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விடியற்காலையில் வழக்கம்போல் விழிப்பு வந்துவிட்டது. ஐந்தரை அடித்தது. காற்சட்டையைக்கூட மாட்டிக்கொண்டேன். பிறகு கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அமர்ந்து, ஏழு மணியாகும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் போனபோது இருக்கை வெறுமையாக இருந்தது. கரையின் மறுகோடியில் அவர் பெருக்கிக்கொண்டிருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. நானும் அருகே போய்க் கேட்கவில்லை. கேட்டால் அது கையில் கொடுத்ததாகிவிடும். அவர் எடுத்திருக்கலாம், வேறு யாரேனும் எடுத்திருக்கலாம். எப்படியாயினும் அவள் பின்னியது முதன்முதலாக ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அவள் உயிரோடிருந்த காலத்தில் ஏதாவது ஒரு காலை, ஒரே ஒரு காலை, நான் அரைமணி நேரம் கூடுதலாக உறங்கியிருந்தால் போதும்.