மூன்று இடிக்கு விட்ட இடம்

கள்ளக்குறிச்சியில் எங்கள் பேண்ட் செட்டுக்கு வெள்ளைக்கார மெட்டு ஒன்று உண்டு. ஹார்ன்பைப் என்பார்கள், கப்பல்காரர்கள் ஆடுவதற்காம். கப்பலை நான் கண்டதில்லை. அதன் நடை மட்டும் தெரியும்: நெட்டை, குட்டை, நெட்டை, குட்டை. வரப்பில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலும் வைத்துப் போவதுபோல. முடிகிற இடத்தில் கணக்குப்படி சமமாக மூன்று இடி. கிளாரினெட் ஊதுவது நான்; இடி, பெரிய டிரம் அடிக்கும் என் நண்பனுடையது.

"உன் குழலு நொண்டிக்கினு போவுது மச்சான். என் டிரம்மு இல்லன்னா எந்தப் பள்ளத்துல வுழுமோ!" என்பான்.

மாப்பிள்ளை அழைப்பில் முக்குக்கு முக்கு நின்று வாசிப்போம். அந்த மூன்று இடி விழுந்தால்தான் ஊர்வலம் நகரும். யாரும் போட்ட சட்டமில்லை, பழகிப்போனது.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்த சமயம் ஒரு கல்யாணம். தன் ஊரான நைனார்பாளையத்திலிருந்து நண்பனும் வரவில்லை, அவன் டிரம்மும் வரவில்லை. மற்றவர்களும் அவரவர் ஊரில் மாட்டிக்கொண்டார்கள். இருட்டுவதற்குள் ஊர்வலத்தை முடிக்கச் சொன்னார்கள் கல்யாண வீட்டார். தனியாக ஊதினேன். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள். வரும்; கேட்கத்தான் சகிக்காது.

முதல் முக்கில் மெட்டை முடித்து, வழக்கம்போல மூன்று இடிக்கு இடம் விட்டேன். ஒன்றும் விழவில்லை. ஒருவரும் நகரவில்லை.

"இன்னாய்யா, நின்னுக்கினே கீறீங்க?" என்றார் பெண்ணின் மாமா.

"டிரம்மு அடிக்கலியேங்க" என்ற மாப்பிள்ளை கார் டிரைவர், தானே ஹாரனை மூன்று தரம் அழுத்தினார். ஊர்வலம் சிரித்துக்கொண்டே நகர்ந்தது.

"அட, டிரம்முகாரன் சோறு மிச்சம்!" என்றார் மாமா.

நானும் சிரித்தேன். ஆனால் நண்பனின் மூன்றாவது இடி ஒரு மூச்சு தாமதித்து விழும், நான் பக்கத்தில்தான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டு விழுவதுபோல. ஹாரனுக்கு அது ஏது?

பஸ் ஓடத் தொடங்கிய அன்று நிலையத்தில் போய் நின்றேன். நைனார்பாளையம் வண்டியின் கூரையில் வாழைத்தார் இருந்தது, டிரம் இல்லை. நண்பனைப் பற்றிக் கேட்டேன்.

"அவரா? மறியல்ல புடிச்சிக்கினு பூட்டாங்க. எப்ப வுடுவாங்களோ, தெரியலீங்க" என்றார் கண்டக்டர்.

அடுத்த கல்யாணத்துக்கும் அதே கார். "ஹாரன் அடிக்கட்டுங்களா?" என்று கேட்டார் டிரைவர்.

"வேணாம்பா. அது அவன் எடம்."

மெட்டு முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவில் மூன்று முறை மிதித்தேன். மூன்றாவதைக் கொஞ்சம் தாமதித்து. புழுதிதான் எழும்பியது. யாருக்கும் கேட்கவில்லை. நான் நடக்கத் தொடங்கிய பிறகே ஊர்வலம் பின்னால் வந்தது.