டைல்ஸ் கடைக்குள் ஒரு ஸ்ட்ரைக்கர்: எடிசனிலிருந்து பேர்லேண்ட் வரை

மார்ச் மாதம் நான்கு நாள் டெக்சாஸ் போய்வந்தோம். ஊருக்குச் சொன்ன காரணம், என் மனைவி சாந்தியின் தம்பி முருகேஷ் பேர்லேண்டில் வாங்கியிருக்கும் வீட்டின் கிரகப்பிரவேசம். எனக்கு மட்டும் வேறொரு காரணம் இருந்தது: பாவ்லோஸ் என்ற, கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கராக ஆடி ஓய்வுபெற்ற கிரேக்கக் கால்பந்தாட்டக்காரர்.

முருகேஷ் வாங்கியது பழைய வீடு. குடிபோகுமுன் குளியலறையை இடித்துக் கட்ட டைல்ஸ் தேடி அலைந்தவன், ஒரு கடையில் கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டத்துக்குள் பச்சை ஜெர்சி ஒன்றும், காற்றில் எம்பி நிற்கும் ஓர் ஆட்டக்காரரின் புகைப்படமும் மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறான். எனக்குக் கால்பந்துப் பைத்தியம் என்பது அவனுக்குத் தெரியும். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அத்தான், இந்த ஆளைத் தெரியுமா? கடை ஓனர் இவர்தானாம்" என்று எழுதியிருந்தான். நியூ ஜெர்சியில் எங்கள் எடிசன் ரயில் நிலையத்தில் நின்றபடி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் ரயில் வந்து, நின்று, என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

தெரியுமாவா? தூத்துக்குடியிலிருந்து கிளம்பி ஒரு சரக்குக் கப்பலில் ஜூனியர் எஞ்சினியராக நான் ஏறியபோது எனக்கு இருபத்துமூன்று வயது. கிரீஸில் பிரேயஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் கப்பலைப் பழுதுபார்க்க ஏற்றினார்கள். வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறை மேஸ்திரி எங்களில் நான்கு பேரை உள்ளூர் அணியின் ஆட்டத்துக்கு அழைத்துப்போனார். இரண்டாம் டிவிஷன் அணிதான். மழை, சேறு, கோல் இல்லாத ஆட்டம். முடியப்போகிற நேரத்தில் ஒரு கார்னர். கோல் முன்னால் பத்துப் பன்னிரண்டு கால்கள் பின்னிக்கொண்டன. அதற்குள்ளிருந்து பந்து வலைக்குள் போனது. ஒல்லியான ஒரு பையன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நேராக எங்கள் பக்கத்து வேலிக்கு ஓடிவந்தான். அவன்தான் பாவ்லோஸ். அன்று பிடித்த பித்து. அதற்குப் பிறகு எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் செய்தித்தாளில் அவன் பெயரைத் தேடினேன். இணையம் வந்த பிறகு கேட்கவே வேண்டாம்.

இனி பயணம். நெவார்க் விமான நிலையத்துக்கு எடிசனிலிருந்து ரயிலே போதும். ஏறக்குறைய அரை மணி நேரம், பார்க்கிங் தொல்லை கிடையாது. ஹூஸ்டனுக்கு நேரடி விமானம், நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு வாரம் முன்பே எடுத்ததால் ஆளுக்கு இருநூற்று எண்பது டாலர். இறங்கியதும் ஒன்றை மனதில் வையுங்கள்: விமான நிலையம் ஊருக்கு வடக்கே, பேர்லேண்ட் தெற்கே. நடுவில் நாற்பது மைல், முழு ஹூஸ்டனும். கார் இல்லாமல் அங்கே பால் பாக்கெட்கூட வாங்க முடியாது. வாடகைக் கார் நாளுக்கு ஐம்பத்துநான்கு டாலர். 288 ஃப்ரீவேயின் நடுவே காசு கட்டிப் போகும் பாதை உண்டு. வெள்ளிக்கிழமை மாலை என்றால் யோசிக்காமல் அதில் ஏறிவிடுங்கள். நாங்கள் யோசித்தோம். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

சனிக்கிழமை விடியற்காலையில் பால் காய்ச்சி, ஹோமம் முடித்து, பேர்லேண்டிலேயே இருக்கும் மீனாட்சி கோயிலுக்குப் போய்வந்தோம். கோயில் கேன்டீனில் தோசை சாப்பிடும்போதே முருகேஷ் கார் சாவியை விரலில் சுழற்றத் தொடங்கிவிட்டான். எனக்குத்தான் கால் வரவில்லை. இவ்வளவு காலம் தூரத்தில் வைத்துப் பார்த்த மனிதர். கிட்டப் போய் என்ன பேசுவது? கடை வாசலில் சாந்தியும் முருகேஷும் இறங்கிய பிறகும் நான் காரை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"சும்மா உள்ள வாங்க அத்தான்," என்றான் முருகேஷ். "இன்னும் கிச்சனுக்கு டைல் பாக்கி இருக்கு. அதைப் பாக்க வந்தோம்னு சொல்லிக்கலாம்."

உள்ளே கல்லாவில் இருந்தவருக்குத் தொப்பை விழுந்திருந்தது. முடி முழுக்க வெள்ளை. வலது முழங்காலை மடக்காமல் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஆனால் புருவம் அதே புருவம். முருகேஷ் வெள்ளை டைல்ஸைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் குறுக்கே புகுந்து, அந்தப் பட்டறையின் பெயரையும் ஆட்டம் நடந்த மைதானத்தின் பெயரையும் சொன்னேன். அவர் கையில் இருந்த டைலை மெதுவாகக் கீழே வைத்தார். எந்தக் கப்பல் என்று கேட்டார். சொன்னேன். அவர் அப்பா அந்தப் பட்டறையில்தான் கப்பல்களுக்கு வண்ணம் அடித்தாராம். எங்கள் கப்பலுக்கும் அடித்திருக்கலாம். உள்ளேயிருந்து மூன்று நாற்காலிகளை அவரே இழுத்துவந்து போட்டார். சின்னச் சின்னக் கோப்பைகளில் கெட்டியான காபி வந்தது. எங்கள் உரையாடல் எல்லாம் ஆங்கிலத்தில். இங்கே என் தமிழில் தருகிறேன்.

தன் கதையை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சின்ன அணியிலிருந்து ஏதென்ஸின் பெரிய கிளப் ஒன்று அவரைத் தூக்கிக்கொண்டது. மூன்று சீசன் நன்றாகப் போனது. அப்புறம் ஜெர்மனி. அங்கே பனியும் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சும்தான். பயிற்சியாளர் பேசுவது புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டியதால், புத்திசாலி என்று நினைத்து அவரைக் கொஞ்ச நாள் நடுக்களத்தில் ஆடவிட்டார்களாம். பிறகு சைப்ரஸ். பிறகு வட கிரேக்கத்தில் ஒரு சின்ன ஊர். அவர் வாழ்க்கையின் சிறந்த ஆண்டுகள் அங்கேதான். சுவரில் இருந்த பச்சை ஜெர்சி அந்த ஊருடையது. தேசிய அணிக்கு ஒரே ஒரு முறை ஆடினார், ஒரு நட்புப் போட்டியின் கடைசிப் பத்து நிமிடம்.

"இரண்டு முறை பந்தைத் தொட்டேன். அதில் ஒன்று கையால் எறிந்த த்ரோ-இன்," என்றார்.

அப்புறம் முழங்கால் போனது. கடைசியாக இரண்டு வருடம் டெக்சாஸில் ஒரு சிறிய லீகில் ஆட வந்தவர், ஹூஸ்டன் கிரேக்கக் குடும்பம் ஒன்றில் பெண் எடுத்து, மாமனாரின் டைல்ஸ் கடையில் உட்கார்ந்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் நான் அந்த மழைநாள் கோலை எடுத்தேன். உட்கார்ந்து சொல்ல முடியவில்லை; எழுந்துவிட்டேன். கார்னர் எங்கிருந்து வந்தது, யார் எங்கே நின்றார்கள், அவர் இடது கால் எப்படி நீண்டது என்று டைல் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நடித்தே காட்டினேன். சாந்தி பல வருடங்களுக்குப் பிறகு என்னை முதன்முறையாகப் பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவ்லோஸ் கடைசிவரை கேட்டார். பிறகு கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"அந்தக் கோல் என்னுடையது இல்லை."

பந்து தன் காலில் படவே இல்லை என்றார். எதிரணி டிஃபெண்டர் ஒருவரின் குதிகாலில் பட்டு உள்ளே போனதாம். எல்லோரும் கத்தியதைக் கேட்டு அவரும் ஓடியிருக்கிறார். ஒலிபெருக்கியில் தன் பெயரைச் சொன்னபோதுதான் தான் கோல் அடித்ததாக அவருக்கே தெரியவந்தது. பெரிய கிளப்பின் ஆள் ஒருவர் அன்றைக்கு அரங்கில் இருந்திருக்கிறார். அடுத்த வாரமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைத்து, படி இல்லாமல் போன மாதிரி இருந்தது. சாந்திதான் கேட்டாள், தமிழில், சாவகாசமாக:

"அப்போ இத்தனை வருஷமா நீங்க யாருக்கு ரசிகரா இருந்தீங்க?"

முருகேஷ் காபியைத் துப்பிவிட்டான். என்ன கேட்டாள் என்று பாவ்லோஸ் விசாரித்தார். மொழிபெயர்த்துச் சொன்னதும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அடங்கியபின் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அதற்குப் பிறகு ஒவ்வொரு கோலையும், இவன்தான் அடித்தான் என்று யாருக்கும் சந்தேகம் வராதபடி அடிக்க வேண்டியிருந்தது. வேலை அதிகம்."

அவர் முழுக்க விளையாட்டாகச் சொல்லவில்லை. இருபது வயதில் ஒருவன் வேறொருவனின் குதிகாலால் மேலே தூக்கப்பட்டு, தான் அதற்குத் தகுதியானவன்தான் என்று தனக்கே நிரூபிக்கப் பதினான்கு வருடம் ஓடியிருக்கிறான். எனக்கு அந்தக் கோல் போனதில் வருத்தமே இல்லாமல் போயிற்று. முன்பைவிட அவரைக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்திருந்தது.

கிளம்பும்போது, ஞாயிறு காலை என்ன வேலை என்று கேட்டார். ஐம்பது தாண்டியவர்கள் வாராவாரம் ஒரு பூங்காவில் ஆடுகிறார்களாம். நான் எடிசனில் ஒரு மருத்துவமனையின் பாய்லர்களைப் பார்த்துக்கொள்பவன். ஓடுவது என்றால் ரயிலைப் பிடிக்க மட்டும்தான். ஆனாலும் போனேன். முருகேஷின் ஷூ, ஒரு சைஸ் பெரியது. இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டேன். மெக்சிகோக்காரர்கள், நைஜீரியாக்காரர்கள், நான்கைந்து கிரேக்கர்கள். காலை ஒன்பது மணிக்கே டெக்சாஸ் வெயில் கழுத்தில் உட்கார்ந்துகொண்டது. என்னை வலது ஓரத்தில் நிறுத்தினார்கள். அரை மணி நேரம் யாரும் எனக்குப் பந்து தரவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு ஒருமுறை பந்து தானாக என் முன்னால் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். கோலுக்கு முன்னால் பாவ்லோஸ் தனியாக நின்று ஒரு விரலால் தரையைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் காட்டிய இடத்துக்கு உதைத்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு பந்தை நான் கொடுத்ததில்லை. இரண்டு பேருக்கு நடுவே உருண்டு, அவர் விரல் காட்டிய இடத்திலேயே போய் நின்றது. கோல்கீப்பர் வேறு பக்கம் சாய்ந்திருந்தார். பாவ்லோஸ் வந்தார், அடித்தார். பந்து கம்பத்துக்கு மேலே, வேலிக்கும் மேலே பறந்து, பார்க்கிங்கில் நின்ற எங்கள் வாடகைக் காரின் பக்கவாட்டுக் கண்ணாடியில் போய் விழுந்து அதை உடைத்தது.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், நொண்டியபடி மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து என்னிடம் வந்தார்.

"நல்ல பந்து," என்றார். "மன்னித்துக்கொள். அடித்த கோல்கள் எனக்கு மறந்துபோகும். இது மறக்காது."

அன்று முழுக்க என் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து, பந்து விழுந்தது கார் மேலா உங்கள் தலை மேலா என்று சாந்தி கேட்டாள். திங்கள் மதியம் திரும்பினோம். எடிசன் நிலையத்தின் படிக்கட்டை நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து இறங்கினேன்.

போகத் திட்டமிடுகிறவர்களுக்குச் சில யோசனைகள். மார்ச் நல்ல மாதம். மே தாண்டினால் வெயில் உங்களை வீட்டுக்குள்ளேயே வைத்துவிடும். கோயிலுக்குக் காலையில் சீக்கிரம் போங்கள். பத்து மணிக்கு மேல் கேன்டீனில் வரிசை வாசலைத் தாண்டுகிறது. வாடகைக் கார் எடுக்கும்போது கவுன்ட்டரில் காப்பீடு வேண்டுமா என்று கேட்பார்கள். வழக்கமாக வேண்டாம் என்பவன் நான். அன்று தூக்கக் கலக்கத்தில் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். பிழைத்தேன்.

இன்னொன்று, இது எந்த ஊருக்கும் பொருந்தும். வெகுகாலமாகத் தூரத்திலிருந்து ரசித்த ஒருவரைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், ஏமாந்துவிடுவோமோ என்று காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்காதீர்கள். சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமையைக் காலியாக வைத்திருங்கள்.